முதல் தார்ப்பாய்: நாலாயிரம் ரூபாயில் இரண்டு பேருக்கு ஒரு கூரை

வேலைக்குச் சேர்ந்து ஒரு வருடம்கூட ஆகாத இருபத்து மூன்று வயதுப் பையன். அவனோடு படித்த நண்பன் ஒருவன். இருவருக்கும் முதுகுப்பையில் எல்லாவற்றையும் சுமந்துகொண்டு மலையில் நடக்க வேண்டும், இரவில் வெளியே தங்க வேண்டும் என்று ஆசை. கூடாரம் கனமாக இருக்கிறது, நல்லதாக வாங்கினால் விலையும் அதிகம் என்பதால் தார்ப்பாய் ஒன்றைக் கட்டித் தங்கலாம் என்று முடிவு செய்திருந்தார்கள். தங்குமிடத்துக்காக இருவரும் சேர்ந்து ஒதுக்கிய தொகை நாலாயிரம் ரூபாய். பையன் என் அக்காள் மகன் என்பதால் ஆலோசனை கேட்டு என்னிடம் வந்தான். அவன் எதைப் பார்த்தான், கடைசியில் எதை வாங்கினான், அது மழையில் எப்படி நடந்துகொண்டது என்பதை முழுதாக எழுதி வைக்கிறேன். இதே தொகையோடு இதே கேள்வியைக் கேட்கிறவர்கள் நிறையப் பேர் இருக்கிறார்கள்.

அவர்கள் திட்டமிட்டது அக்டோபர் மாதம், கீழ்ப்பழனி மலை. பெரும்பாறை, தாண்டிக்குடி, பண்ணைக்காடு பக்கம் தோட்டச் சாலைகளில் நடந்து, தெரிந்தவர்களுடைய காப்பித் தோட்டங்களில் தங்குவது. இதில் தோட்டம் என்பது முக்கியம். தமிழ்நாட்டில் காப்புக்காட்டுக்குள் அனுமதியில்லாமல் நுழைவதே 1882ஆம் ஆண்டின் வனச் சட்டப்படி குற்றம். 2018 மார்ச்சில் குரங்கணி காட்டுத்தீயில் மலையேறச் சென்றவர்கள் இறந்த பிறகு, மலையேற்றத்துக்கென்றே தனி விதிகள் வந்தன. 2024இல் அரசே தொடங்கிய மலையேற்றத் திட்டத்தில் வழிகாட்டியோடு நடக்கலாம். ஆனால் நினைத்த இடத்தில் தார்ப்பாய் கட்டிப் படுக்கலாம் என்று அதற்குப் பொருளில்லை. ஆகவே நம் ஊரில் இந்த ஆசைக்கு வழி, உரிமையாளரிடம் கேட்டு அவருடைய நிலத்தில் தங்குவதுதான்.

அவன் அனுப்பிய முதல் பொருள்

வாட்ஸ்அப்பில் ஒரு படம் வந்தது. இருபுறமும் சிலிக்கோன் பூசிய நைலான், 3 மீட்டருக்கு 2 மீட்டர், எடை 350 கிராம். விலை மூவாயிரத்துச் சொச்சம்.

“மாமா, 350 கிராம்தான். பைக்குள்ள இருக்கறதே தெரியாது.”

“படுக்கப் போறது எத்தனை பேர்?”

“ரெண்டு பேர்.”

எடையைப் பற்றி அவன் சொன்னதில் தப்பில்லை. ஆனால் தார்ப்பாய் வாங்குகிறவர் முதலில் பார்க்க வேண்டியது எடை இல்லை, அகலம். இதைப் பேச்சில் புரியவைக்க முடியவில்லை. ஒரு தாளில் முக்கோணம் போட்டுக் காட்டினேன்.

வீட்டுக் கூரை மாதிரி நடுவில் கயிறு கட்டி இரண்டு பக்கமும் சரித்துவிடுவதுதான் எல்லாரும் முதலில் கற்கும் முறை. 2 மீட்டர் அகலமுள்ள துணியை அப்படிப் போட்டால் ஒவ்வொரு பக்கச் சரிவும் 1 மீட்டர். நடுக்கயிறு 80 சென்டிமீட்டர் உயரத்தில் இருந்தால், பள்ளிக்கூடத்தில் படித்த பிதாகரஸ் கணக்குப்படி, தரையில் ஒரு பக்கத்துக்கு 60 சென்டிமீட்டர் கிடைக்கும். மொத்த அகலம் 1.2 மீட்டர். படுக்கும் பாய் ஒன்று அரை மீட்டருக்குக் கொஞ்சம் கூடுதலான அகலம். இரண்டு பாய் போட்டால் 1.1 மீட்டர் போய்விடும். அதற்கப்புறம் மிச்சமிருப்பது இரண்டு ஓரத்திலும் ஐந்து ஐந்து சென்டிமீட்டர். அந்த ஓரத்திலோ துணி தரையைத் தொடுகிறது. தூக்கத்தில் புரண்டால் தோள் ஈரத்துணியில் உரசும். பையை எங்கே வைப்பது, செருப்பை எங்கே வைப்பது என்பதற்கெல்லாம் விடையே கிடையாது.

அதே 80 சென்டிமீட்டர் உயரத்தில் 3 மீட்டருக்கு 3 மீட்டர் துணியைப் போட்டால் சரிவு ஒன்றரை மீட்டர், தரை அகலம் 2.5 மீட்டர். இரண்டு பேர் படுத்து, இரண்டு பக்கமும் ஆளுக்கொரு பை வைத்து, அதற்கு வெளியே சாரலுக்கும் இடம் விடலாம். துணி ஒன்றரை மடங்குதான், தரை அகலம் இரண்டு மடங்குக்கு மேல். மழையில்லாத நாளில் கயிற்றை 1.1 மீட்டருக்கு உயர்த்தினால் அகலம் 2 மீட்டராகக் குறையும், ஆனால் நிமிர்ந்து உட்கார்ந்து சோறு தின்னலாம்.

உயரத்தில் இன்னொரு சூட்சுமமும் உண்டு. திறந்த முனையில் மழை 45 டிகிரி சாய்வாக அடித்தால், கூரை எவ்வளவு உயரமோ ஏறக்குறைய அவ்வளவு தூரத்துக்குச் சாரல் உள்ளே வரும். 1.1 மீட்டர் உயரத்தில் கட்டினால் 3 மீட்டர் நீளத்தில் உலர்ந்த இடம் 1.9 மீட்டர். 80 சென்டிமீட்டருக்கு இறக்கினால் 2.2 மீட்டர். தாழ்வாகக் கட்டினால் அகலமும் கூடுகிறது, சாரலும் குறைகிறது. பெரிய தார்ப்பாயைத் தாழ்வாகக் கட்டலாம். சின்னதைத் தாழ்வாகக் கட்டினால் உள்ளே ஆள் நுழைய முடியாது. முதல்முறை வாங்குகிறவர்களுக்குப் பத்தடிக்குப் பத்தடி என்று நான் சொல்வதற்குக் காரணம் இவ்வளவுதான். முடிச்சு சுமாராக இருந்தாலும், இடத்தைக் கொஞ்சம் தப்பாகத் தேர்ந்தெடுத்தாலும், பெரிய துணி காப்பாற்றிவிடும்.

எடையை மட்டும் பார்க்கிறவர்கள் எட்டுக்கு ஐந்தடித் துணியில் நூற்றுக்கணக்கான மைல் நடந்த அமெரிக்கர்களைக் காட்டுவார்கள். உண்மைதான். 1955இல் எம்மா கேட்வுட் என்ற அறுபத்தேழு வயதுப் பாட்டி, 3,000 கிலோமீட்டருக்கு மேல் நீளும் அப்பலேச்சியன் பாதையைத் தனியாக நடந்து முடித்தபோது மழைக்கு வைத்திருந்தது குளியலறைத் திரைச்சீலை. 1990களில் ரே ஜார்டின் என்ற மலையேறி, கூடாரத்தை விட்டுவிட்டுத் தார்ப்பாய்க்கு வாருங்கள் என்று ஒரு தலைமுறையையே மாற்றினார். ஆனால் இவர்கள் எல்லாம் எங்கே படுக்க வேண்டும், எப்போது மரத்தடிக்கு ஒதுங்க வேண்டும் என்று தெரிந்தவர்கள். முதல் இரவு படுக்கப்போகிறவனுக்கு அந்த அறிவு இன்னும் வரவில்லை. அதை ஈடுகட்டக் கூடுதல் துணி வேண்டும்.

துணியும் அதன் கனமும்

அளவு முடிவானதும் எந்தத் துணி என்ற கேள்வி வந்தது. இங்கே கணக்கு எளிது. கடையில் ‘ஜிஎஸ்எம்’ என்று சொல்வது ஒரு சதுர மீட்டருக்கு எத்தனை கிராம் என்பது. 3 மீட்டர் சதுரம் என்றால் 9 சதுர மீட்டர். ஜிஎஸ்எம்மை ஒன்பதால் பெருக்கினால் துணியின் எடை வந்துவிடும். விற்பவர் போடும் எடையை நம்புவதைவிட இதை நம்பலாம்.

நீலநிறத்தில் எங்கும் தொங்கும் பின்னல் பிளாஸ்டிக் பாயை முதலில் ஒதுக்கினோம். 120 ஜிஎஸ்எம் என்று வைத்தாலே ஒரு கிலோவைத் தாண்டுகிறது. அதைவிட, மடித்து மடித்து எடுத்தால் மடிப்புக் கோட்டில் மேல்பூச்சு வெடித்து, பின்னல் மட்டும் மிஞ்சும். வெயிலில் நாராக உதிர்ந்த நீலப்பாயைப் பார்க்காதவர்கள் யாரும் இருக்க முடியாது.

அடுத்தது, நெல்லும் மிளகாயும் காயப்போட, வைக்கோல் போரை மூட என்று விவசாயிகள் வாங்கும் சில்பாலின். பல அடுக்குப் பிளாஸ்டிக் படலங்களைக் குறுக்கும் நெடுக்குமாக ஒட்டிச் செய்வது. பின்னல் கிடையாது. படலம் என்பதால் ஓட்டை விழாதவரை தண்ணீர் ஊடுருவ வழியே இல்லை. மெலிதானது 70 ஜிஎஸ்எம். பத்துக்குப் பத்து அளவில் ஏறக்குறைய 650 கிராம், ஓரமடிப்பும் வளையங்களும் சேர்ந்து 700.

மூன்றாவது, இணையத்தில் ‘கேம்பிங் டார்ப்’ என்று இரண்டாயிரம் ரூபாய் அளவில் கிடைக்கும் பாலியூரித்தேன் பூசிய பாலியஸ்டர். மென்மையாகச் சுருண்டு சின்னப் பைக்குள் போகும். கயிறு கட்டத் துணிக்காதுகள் தைத்திருக்கும். தையல் கோட்டை உள்பக்கம் நாடா ஒட்டி அடைத்திருப்பார்கள். ஆனால் துணி 75, 80 ஜிஎஸ்எம் இருக்கும். எடையில் சில்பாலினுக்குச் சமம், சில சமயம் அதற்கும் மேல். இன்னொரு குறை, ஈரத்தோடு மடித்துப் பரணில் போட்டால் அந்தப் பூச்சு நாளடைவில் பிசுபிசுத்து நாற்றமெடுக்கும். நம் ஊர்ப் புழுக்கத்துக்கு இது பெரிய குறைதான்.

நான்காவதுதான் அவன் காட்டிய சிலிக்கோன் நைலான். 50 ஜிஎஸ்எம் என்று வைத்தால் 3 மீட்டர் சதுரத்துக்கு 450 கிராம், காதுகளும் தையலும் சேர்த்து 500. விலை அந்த அளவில் ஐயாயிரத்தைத் தாண்டிவிடும். நைலான் நனைந்தால் தண்ணீரை இழுத்துக்கொண்டு தளரும். ராத்திரி எழுந்து கயிற்றை இறுக்க வேண்டியிருக்கும். சிலிக்கோன் பூச்சில் நாடா ஒட்டாது, எனவே இரண்டு துண்டுகளை இணைக்கும் நடுத்தையலுக்கு நாமே சிலிக்கோன் பசை தடவ வேண்டும். இதற்கும் மேலே டைனீமா கலவைத் துணி இருக்கிறது. பந்தயப் படகுப் பாய்களுக்காக வந்தது, 200 கிராமுக்குள் முடிந்துவிடும். விலையைக் கேட்டால் இரண்டு பேரும் இமயமலைக்கு ரயில் டிக்கெட் எடுத்துவிடலாம் என்று தோன்றும். அதைப் பற்றி இங்கே பேச வேண்டியதில்லை.

எண்களைப் பக்கத்தில் பக்கத்தில் எழுதியபோது பையன் கொஞ்சநேரம் பேசவில்லை. ஐந்நூறு ரூபாய் சில்பாலினுக்கும் ஐயாயிரம் ரூபாய் நைலானுக்கும் இடையே 200 கிராம்தான் வித்தியாசம். ஒரு டம்ளர் தண்ணீரின் எடை.

“அப்ப எதுக்கு மாமா எல்லாரும் அதையே வாங்குறாங்க?”

நியாயமான கேள்வி. காரணம் எடையைவிட இடம். நைலானைச் சின்னப் பொட்டலமாகத் திணித்துவிடலாம். சில்பாலின் விறைப்பாக நிற்கும், மடித்தாலும் பருமனாகவே இருக்கும், காற்றில் சடசடவென்று சத்தம் போடும். நீண்ட பயணத்தில் இவை தொல்லை. வார இறுதிகளில் கற்றுக்கொள்ளப் போகிறவனுக்கு இது பெரிய தொல்லை இல்லை. அதோடு நனைந்த தார்ப்பாயை எப்படியும் பைக்கு வெளியேதான் கட்டித் தூக்க வேண்டும். அப்படியிருக்கும்போது அது உள்ளே அடங்குமா என்ற கவலை எதற்கு?

கூரை மட்டும் போதாது

இவர்கள் விஷயத்தில் முடிவைத் திருப்பியது துணி இல்லை, அதோடு சேர வேண்டிய மற்ற சாமான்கள். கூடாரம் வாங்கினால் தரை, வலை, கம்பி, ஆணி எல்லாம் ஒரே விலையில் வந்துவிடுகிறது. தார்ப்பாய் வாங்கினால் கூரை மட்டும்தான் வருகிறது. இதை மறந்துவிட்டு ‘கூடாரம் நாலாயிரத்து ஐந்நூறு, தார்ப்பாய் மூவாயிரம், அப்ப தார்ப்பாய் மலிவு’ என்று சொல்வது பாதிக் கணக்கு.

ஆகவே முழுக்கணக்கையும் போட்டோம். கூரை 700 கிராம். அதே சில்பாலினில் தரைக்கு 2 மீட்டருக்கு ஒன்றரை மீட்டர் துண்டு, 210 கிராம். 3 மில்லிமீட்டர் கயிறு 20 மீட்டர், ஏறக்குறைய 120 கிராம். அலுமினிய ஆணி எட்டு, 110 கிராம் போல. இருவர் படுக்கும் கொசுவலை, 400 கிராம். கூட்டினால் ஒன்றரைக் கிலோவுக்குச் சற்று மேல். விலை குறைந்த இருவர் கூடாரங்கள் இரண்டரையிலிருந்து மூன்று கிலோ வருகின்றன. எடையில் ஏறக்குறைய பாதி மிச்சம், இருவர் பிரித்துச் சுமந்தால் ஆளுக்கு முக்கால் கிலோ.

பணத்தில் பார்த்தால், சில்பாலினைக் கூரையாக வைத்து எல்லாச் சாமானும் இரண்டாயிரத்துக்குள் முடியும். பாலியஸ்டர் என்றால் மூவாயிரத்து ஐந்நூறு. சிலிக்கோன் நைலான் என்றால் ஆறாயிரத்தைத் தாண்டும், பட்ஜெட் உடைந்துவிடும். அவன் முதலில் காட்டிய சின்ன நைலானை வாங்கியிருந்தால், வலைக்கும் ஆணிக்கும் ஆயிரத்துக்கும் குறைவான தொகைதான் மிஞ்சியிருக்கும். முதலில் விட்டுப்போவது வலையாகத்தான் இருந்திருக்கும்.

அந்த வலையை விடக்கூடாது என்பதில் நான் பிடிவாதமாக இருந்தேன். கொசுவுக்காக மட்டும் இல்லை. கட்டுவிரியன் இரவில் நடமாடும் பாம்பு, தரையில் தூங்குகிறவர்களைக் கடிப்பது நம் நாட்டில் பழைய கதை. கடி வலிக்காததால் தூக்கத்தில் தெரியாமலே போவதும் உண்டு. தரைவிரிப்புக்கு அடியில் நன்றாகச் செருகிய வலை அதற்கு உண்மையான தடுப்பு. எந்த மலையில் எந்த உயரத்தில் என்ன பாம்பு என்று விவாதித்துக்கொண்டிருப்பதைவிட வலையைச் செருகிவிட்டுப் படுப்பது சுலபம். மழைக்காலத்தில் அட்டைக்கும் இதேதான், தொங்கவிட்ட வலைக்கு அடியில் அது ஊர்ந்து வந்துவிடும், செருகிய வலைக்குள் வராது.

திறந்த கூரைக்கடியில் படுக்க மனசு ஒப்பாதவர்கள் இருக்கிறார்கள். ராத்திரி இலை அசைந்தால் எழுந்து உட்காருகிறவர்கள், பூச்சி என்றால் அலறுகிறவர்கள். அவர்களுக்குத் தார்ப்பாய் எவ்வளவு மலிவாக இருந்தாலும் வேண்டாம். தூக்கம் வராத இடத்தில் மிச்சம் பிடித்த பணத்தால் பயனில்லை, கூடாரமே வாங்கட்டும். பையனின் நண்பனிடம் இதைத் தனியாகக் கேட்கச் சொன்னேன். அவன் கிராமத்துப் பையன், மாட்டுக்கொட்டகைத் திண்ணையில் படுத்து வளர்ந்தவன். சரி என்று சொல்லிவிட்டான்.

வத்தலக்குண்டு கடை

கூரைக்குச் சில்பாலின்தான் என்று முடிவாகி, தார்ப்பாய், கயிறு, சாக்கு விற்கும் ஒரு கடைக்குப் போனோம். கடைக்காரர் பையனை ஏற இறங்கப் பார்த்துவிட்டு, “எதுக்கு தம்பி, களத்துக்கா?” என்றார். மலையில் படுக்க என்றதும் சிரித்துவிட்டு, “பத்துக்குப் பத்தா, பன்னெண்டுக்குப் பத்தா?” என்று நேராக வேலைக்கு வந்தார்.

இந்தக் கடையில் தெரியவந்த ஒரு விஷயம் இந்த ஆய்வில் எனக்கு மிகவும் பிடித்தது. ஓரத்தில் போடும் அலுமினிய வளையங்களை வழக்கமாக மீட்டருக்கு ஒன்று வீதம் அடித்திருப்பார்கள். 3 மீட்டர் ஓரத்தில் மூலையிரண்டையும் சேர்த்து நான்கு வளையம். களத்துக்கும் லாரிக்கும் அது போதும். ஆனால் கூரைபோல நடுவில் மடித்துக் கட்ட, ஒன்றரை மீட்டரில், சரியாக நடுவில் ஒரு பிடி வேண்டும். நான்கு வளையத்தில் நடு கிடையாது. இதைக் கவனிக்காமல் வாங்கிப் போனவர்கள் மலையில் போய் ஒரு பக்கம் நீளமாகவும் மறுபக்கம் குட்டையாகவும் கூரை போட்டுக்கொண்டு விழிப்பார்கள். கடைக்காரரிடம் சொன்னதும் எழுந்து போய், நான்கு ஓரங்களிலும் நடுவில் ஒவ்வொரு வளையம் அடித்துக் கொடுத்தார். அதற்குத் தனியாக வாங்கிய காசு ஒரு டீச் செலவு.

துணிக்காது தைத்துக்கொள்ளலாமா என்று பையன் கேட்டான். சில்பாலினில் தையல் போடக்கூடாது. ஊசி துளைத்த வரிசையே கிழிசலுக்கு வழிகாட்டிவிடும். அதற்குப் பதிலாக ஒரு பழைய வித்தை இருக்கிறது. கோலிக்குண்டு அளவுக் கூழாங்கல்லைத் துணிக்கு உள்பக்கம் வைத்து, வெளியிலிருந்து துணியோடு சேர்த்துக் கழுத்தில் சுருக்குப் போட்டு இறுக்க வேண்டும். கல் நழுவாது, துணியில் ஓட்டையும் விழாது. வேண்டிய இடத்தில் வேண்டிய அளவு பிடிகளை இப்படி உண்டாக்கலாம். கல் உருண்டையாக இருக்க வேண்டும், அவ்வளவுதான்.

முடிச்சுக்கும் புத்தகம் தேவைப்படவில்லை. கடை வாசலில் மினிலாரியில் மூட்டை ஏற்றிக் கட்டிக்கொண்டிருந்த அண்ணனிடம் கேட்டான். கயிற்றின் நடுவில் ஒரு சுருக்கு, முனையைக் கொக்கியில் சுற்றிக்கொண்டு வந்து அந்தச் சுருக்குக்குள் விட்டு இழுப்பது. லோடு கட்டுகிற எல்லாருக்கும் தெரிந்த முடிச்சு. மலையேறிகள் நடுக்கயிற்றை இறுக்க உலகம் முழுக்கப் பயன்படுத்துவதும் இதைத்தான். “ஒரே இழுப்புல அவுரணும் தம்பி, அதான் முடிச்சு” என்றார் அவர். நடுக்கயிற்றுக்கு இது, ஆணிப்பக்கக் கயிறுகளுக்கு ஏற்றி இறக்கி இறுக்கக்கூடிய நழுவுமுடிச்சு, மரத்தில் கட்ட அவிழாத வளையமுடிச்சு. முதல் பயணத்துக்கு இந்த மூன்றும் கைக்கு வந்தால் போதும்.

மொட்டை மாடியும் மலையும்

மலைக்குப் போகும் முன் மாடியில் கட்டிப் பார்த்தார்கள். ஆணி அடிக்க முடியாது என்பதால் செங்கலும் தண்ணீர்க்கேனும். உள்ளே இருவரையும் படுக்க வைத்து, மேலிருந்து அக்காள் ஹோஸ் பைப்பைப் பிடித்தாள். அவளுக்கு அதில் இருந்த மகிழ்ச்சியைப் பார்த்தால், இந்தப் பயணத்தைப் பற்றி அவளுக்கு வேறு அபிப்பிராயம் இருந்தது போலத் தெரிந்தது. கூரை வழியாக ஒரு சொட்டும் வரவில்லை. ஆனால் கம்பத்திலிருந்து வந்த நடுக்கயிறு நனைந்து, தண்ணீர் கயிறு வழியாகவே ஓடிவந்து, கூரைக்கு உள்ளே நடுவில் சொட்டியது. கூரை தொடங்கும் இடத்துக்கு ஒரு சாண் முன்னால் கயிற்றில் ஒரு சின்ன நூல்துண்டைத் தொங்கவிட்டதும் தண்ணீர் அங்கேயே சொட்டி நின்றது. மலையில் நள்ளிரவில் தெரியவேண்டியது, மாடியில் பட்டப்பகலில் தெரிந்தது.

தோட்டத்தில் முதல் நாள் சாயங்காலமே மழை பிடித்துக்கொண்டது. நடுக்கயிறு கட்ட இரண்டு மரம் வேண்டும். காப்பித் தோட்டத்தில் நிழலுக்குச் சில்வர் ஓக் வரிசையாக நிற்கும், ஆனால் பெரும்பாலான மரங்களில் மிளகுக் கொடி ஏறியிருக்கும். கொடிமேல் கயிற்றைப் போட்டு இறுக்கினால் உரிமையாளர் அடுத்தமுறை உள்ளே விடமாட்டார். கொடியில்லாத மரங்கள் இரண்டைத் தேடி, மேலே காய்ந்த கிளை தொங்குகிறதா என்று அண்ணாந்து பார்த்து, தோட்டத் தொழிலாளர்களின் லயன் வீடுகளுக்குப் பக்கத்திலேயே கட்டினார்கள். பக்கத்தில் கட்டச் சொன்னது தோட்டக்காரர். ராத்திரி காட்டுமாடு இறங்கும், பன்றி வரும், ஆள் நடமாட்டமுள்ள இடம் நல்லது என்றார். சாப்பாட்டுச் சாமான்களையும் அவருடைய ஸ்டோரில் வைக்கச் சொல்லிவிட்டார்.

தண்ணீர் தேங்கும் பள்ளத்தை விட்டுவிட்டு, இலேசாகச் சரிந்த மேட்டில், சருகு மூடிய தரையைத் தேர்ந்தெடுத்தது நல்ல முடிவு. வெறும் மண்ணில் மழைத்துளி விழுந்தால் சேறு முழங்கால் உயரம் தெறிக்கும். சருகில் அது குறைவு. காற்று அடிக்கும் பக்கம் துணியைத் தரையோடு ஆணியடித்து, எதிர்ப்பக்கம் ஒரு சாண் தூக்கிவிட்டார்கள். காற்றோட்டம் இருந்ததால் காலையில் உள்பக்கம் வியர்க்கவில்லை. மூடிய கூடாரத்தில் அந்தக் குளிரில் நிச்சயம் வியர்த்திருக்கும்.

குறை என்று பார்த்தால் இரண்டு. கால்மாட்டு முனை திறந்திருந்ததால் அங்கே வைத்திருந்த நண்பனின் பை அடியில் நனைந்தது. மறுநாள் அந்த முனையில் நடுக்கயிற்றை முழங்கால் உயரத்துக்கு இறக்கிவிட்டார்கள், பிரச்சினை முடிந்தது. இரண்டாவது, நள்ளிரவுக்கு மேல் வீசிய காற்றில் மூலை வளையம் ஒன்று துணியோடு பிய்ந்து வந்துவிட்டது. இது சில்பாலினின் உண்மையான பலவீனம். படலம் பலமானது, ஆனால் வளையத்தைச் சுற்றிய ஓரம் ஒரே புள்ளியில் இழுக்கப்படும்போது தாங்காது. டார்ச் வெளிச்சத்தில் கூழாங்கல் தேடிச் சுருக்குப் போட்டு, ஐந்து நிமிடத்தில் திரும்பப் படுத்துவிட்டார்கள். மறுநாள் மற்ற மூன்று மூலைகளுக்கும் கல் வைத்துக் கட்டிவிட்டான். அதற்குப் பிறகு எதுவும் பிய்யவில்லை. வாங்கும்போதே மூலைகளுக்கு வளையத்தை நம்பாமல் கல்லை நம்பியிருக்கலாம் என்பது இந்தப் பயணத்தில் கிடைத்த ஒரு திருத்தம்.

சத்தத்தைப் பற்றி இருவருக்கும் புகார் இருந்தது. மழையடிக்கும்போது ஒருவர் பேசுவது மற்றவருக்குக் கேட்கவில்லையாம். அட்டை விஷயத்தில் வலை தன் வேலையைச் செய்தது. கடித்ததெல்லாம் பகலில் நடக்கும்போதுதான், அதற்கு உப்பும் மூக்குப்பொடியும். அடுப்பைக் கூரைக்கடியில் பற்றவைக்கக்கூடாது என்று சொல்லி அனுப்பியிருந்தேன். சில்பாலின் ஆனாலும் நைலான் ஆனாலும் தீப்பொறி பட்டால் உருகும். மழை விடும்வரை காத்திருந்து டீ போட்டதாகச் சொன்னார்கள். நம்பிக்கொண்டேன்.

நாலாயிரத்தில் மிஞ்சிய பணத்தை இருவரும் நல்ல படுக்கும் பாய்க்குப் போட்டார்கள். தரையிலிருந்து ஏறும் குளிர் கூரையில்லாத குறையைவிட அதிகமாகத் தூக்கத்தைக் கெடுக்கும். இந்த முடிவை அவர்களாகவே எடுத்தது எனக்குச் சந்தோஷம்.

அடுத்து

இப்போது இருவருக்கும் இமாச்சல் பக்கம், ஹம்ப்டா கணவாய் போகும் யோசனை. 4,200 மீட்டருக்கு மேல் ஏறும் பாதை. மரவரிசை முடிந்த பிறகு கயிறு கட்ட எதுவும் கிடைக்காது. கல்லும் மணலுமான தரையில் ஆணி பிடிக்காது, பெரிய கல்லைச் சுற்றிக் கயிற்றைக் கட்ட வேண்டும். காற்று ஒரே ராத்திரியில் திசை மாறும். அங்கே சில்பாலினை எடுத்துப்போகாதே என்று சொல்லிவிட்டேன். முதல் உயரப் பயணத்துக்கு எந்தத் தார்ப்பாயையும் நான் சிபாரிசு செய்ய மாட்டேன், வாடகைக் கூடாரம் எடுப்பதே சரி. உத்தராகண்ட் பக்கம் போவதாக இருந்தால், மலைப் புல்வெளிகளில் இரவு தங்கத் தடைவிதித்து 2018 ஆகஸ்டில் அந்த மாநில உயர் நீதிமன்றம் போட்ட உத்தரவும் இருக்கிறது. கிளம்பும் முன் வனத்துறையில் இன்றைய நிலவரத்தைக் கேட்டுக்கொள்ள வேண்டும்.

“அதுக்கப்புறமாவது அந்த நைலான் வாங்கலாமா மாமா?”

வாங்கலாம். ஆனால் 3 மீட்டருக்கு 3 மீட்டர். நான்கு ஓரத்திலும் நடுவில் காது இருக்க வேண்டும், மொத்தம் பதினாறுக்குக் குறையாமல். சிலிக்கோன் பூசிய பாலியஸ்டர் கிடைத்தால் நைலானைவிட அது நல்லது, நனைந்தால் தளராது. நடுத்தையலுக்குப் பசை தடவிய பிறகு மறுபடியும் அக்காளிடம் ஹோஸ் பைப்பைக் கொடுக்க வேண்டும். மரமில்லாத இடத்தில் கூரையைத் தாங்கப்போவது இரண்டு ஊன்றுகோல்கள்தான் என்பதால், இந்த மாதச் சம்பளத்தில் முதலில் அதை வாங்கச் சொல்லியிருக்கிறேன்.